கோவளத்தில் மேல்காத்து என்னைக் கடலுக்குள் தள்ளிய காலை

ஜூன் முதல் வாரம். இருட்டு பிரியும் நேரத்தில், மீன் பிடிக்க, சென்னையை அடுத்த கோவளம் மாதா கோயிலுக்கு நேராக என் சின்னத் துடுப்புப் படகான கயாக்கை இழுத்துக்கொண்டு போனேன். கடல் தாம்பாளத்தில் ஊற்றிய தண்ணி மாதிரி கிடந்தது. வழக்கமாக அலை உடைந்து நுரைக்கும் இடத்தில் முழங்கால் உயர அலைகூட இல்லை. வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தலையைத் தூக்கி, "மேல்காத்து ஏறும் தம்பி, ஏழு மணிக்கெல்லாம் கரைக்கு வந்துடு" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனேன். அலையைக் கடப்பதுதான் கஷ்டம், கடந்துவிட்டால் பிரச்சினை இல்லை என்று அதுவரை நம்பியிருந்தவன் நான்.

இந்த மாதங்களில் சென்னைக் கரையோரம் காலையில் காற்று மேற்கிலிருந்து, தரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கும். அதுதான் மேல்காத்து. அது கரையோர அலையை அமுக்கி வைத்திருக்கும். கரையில் நிற்கிற நமக்குக் கடல் சாதுவாகத் தெரியும். காற்று தண்ணீர் மேல் ஓட ஓடத்தான் அலை எழும்பும், அதனால் ஒன்றிரண்டு கிலோமீட்டர் உள்ளே போனால்தான் அதன் முகம் தெரியும். மதியம் வரவேண்டிய கடல்காத்தும் இந்த நாட்களில் தாமதமாகும், சில நாள் வராமலே போகும். காற்றே திருப்பிக் கொண்டுவந்து விடும் என்று காத்திருக்க முடியாது.

தூண்டிலில் முதலில் ஒரு சீலா மீன். அப்புறம் தூண்டில் ராடு வளைந்த விதத்திலேயே வஞ்சிரம் என்று தெரிந்தது. கால் மணி நேரம் போல அதோடு மல்லுக்கட்டினேன். மீன் ஒரு பக்கம் இழுக்க, முதுகில் காற்று தள்ள, நான் ரீலைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. மீனை ஏற்றிவிட்டு நிமிர்ந்தால் கோயில் கோபுரம் சுண்டுவிரல் நகம் அளவுக்குத் தெரிந்தது. ஜிபிஎஸ்ஸில் கரை 3 கிலோமீட்டர்.

திரும்பி முழு பலத்தோடு துடுப்பு போட்டேன். வழக்கமாக மணிக்கு 5 கிலோமீட்டர் போகிறவன், அன்று 2ஐத் தாண்டவில்லை. தண்ணி குடிக்க ஒரு நிமிஷம் துடுப்பை மடியில் வைத்தால், கஷ்டப்பட்டு வந்த தூரம் கண்ணெதிரிலேயே குறைந்தது. அலைகள் குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன்மேல் ஒன்று முட்டிக்கொண்டு வந்தன. தண்ணி வடியவென்றே கயாக்கில் இருக்கும் ஓட்டைகள் வழியாக அது இறங்குவதற்குள் அடுத்தது மேலே ஏறியது. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் என்பதால், சுற்றிலும் ஒரு படகு கண்ணில் படவில்லை.

காலில் சுற்றிய தூண்டில் நரம்பை எடுக்கத் திரும்பினேன். பக்கவாட்டில் ஒரு அலை. கவிழ்ந்துவிட்டேன்.

வெளியே தலை தூக்கியதும் பார்த்தது கயாக்கின் சிவப்பு அடிவயிறு, அதுவும் என்னை விட்டு நகர்ந்துகொண்டிருந்தது. காலியான கயாக்கைக் காற்று கொண்டுபோகிற வேகத்துக்கு எந்த நீச்சல்காரனும் ஈடு கொடுக்க முடியாது. துடுப்பு என் கையில் இருந்தது. துடுப்பையும் கயாக்கையும் இணைத்திருந்த அந்தச் சுருள் கயிறுதான் என்னை வீட்டுக்குக் கொண்டுவந்தது. அதைப் பிடித்து இழுத்து, கயாக்கைப் புரட்டி, காலை உதைத்து உடம்பை மட்டமாக்கி, வயிற்றால் குறுக்கே ஏறினேன். முதல் தடவை வழுக்கியது. ரெண்டாவது தடவை உட்கார்ந்துவிட்டேன். ராடும் வஞ்சிரமும் போய்விட்டன.

அதன்பிறகு குனிந்து, கயாக்கின் மூக்கைக் காற்றுக்கு நேராக வைத்து, குட்டைக் குட்டையாகத் துடுப்பு போட்டேன். நீரோட்டம் வடக்கே இழுத்தது. முட்டுக்காடு முகத்துவாரத்துப் பக்கம் போய்விடக் கூடாது என்பதே நினைப்பு. கழிமுகத் தண்ணி கடலுக்குள் பாய்கிற இடத்தில் இன்னொரு தடவை கவிழ என்னிடம் தெம்பில்லை. கரையோர மரங்களின் மறைவுக்குள் வந்ததும் காற்று சட்டென்று தளர்ந்தது. மணலைத் தொட்டபோது ரெண்டு மணி நேரம் ஆகியிருந்தது, உள்ளங்கை ரெண்டிலும் தோல் உரிந்திருந்தது.

பெரியவர் திட்டவில்லை. காய்ந்த மணலை ஒரு பிடி அள்ளி, தோள் உயரத்திலிருந்து மெல்ல விட்டுக் காட்டினார். மணல் கடல் பக்கம் சாய்ந்து விழுந்தது. "இதைப் பாத்துட்டு எறங்கு" என்றார்.

இப்போது லைஃப் ஜாக்கெட்டில் விசில், தண்ணி புகாத உறையில் போன், அதில் கடலோரக் காவல்படையின் 1554. காற்றில் இழுபடும் வேகத்தைக் குறைக்கத் தண்ணிக்குள் குடை மாதிரி விரியும் துணி நங்கூரம் ஒன்றும் வாங்கியிருக்கிறேன். மேல்காத்து இல்லாத நாளில் இறங்கினதும் முதல் அரைமணி நேரம் காற்றை எதிர்த்துதான் போகிறேன், களைத்த கையோடு திரும்பும்போது அது துணைக்கு வரும்.

போன ஞாயிறும் மணல் கிழக்கே பறந்தது. கடல் அன்றைக்கு மாதிரியே அமைதியாகத்தான் இருந்தது. கயாக்கை வண்டியை விட்டே இறக்கவில்லை. பெரியவர் வலையிலிருந்து நண்டு எடுத்துக்கொண்டிருந்தார். கூடமாட உட்கார்ந்து எடுத்துக் கொடுத்தேன்.