130 வீடுகள் உள்ள ஓய்வுக் குடியிருப்பில் பொதுக் கொலு: எத்தனை படி, எவ்வளவு சுண்டல், யார் செலவு?

பி_பிளாக்_செயலர்:

வணக்கம். கோவையில் தொண்டாமுத்தூர் பக்கம் உள்ள சீனியர் சிட்டிசன் வளாகம் எங்களுடையது. 130 வீடு, 190 பேர். பெரும்பாலோர் எழுபதைத் தாண்டியவர்கள். தனியாக 14 படுக்கைகள் கொண்ட பராமரிப்புப் பிரிவும் இருக்கிறது. இதுவரை அவரவர் வீட்டில்தான் கொலு. இந்த வருடம் கிளப் ஹவுஸில் ஒரே பொதுக் கொலுவாக வைக்கலாம் என்று சங்கக் கூட்டத்தில் முடிவாகிவிட்டது. ஹால் 60 அடிக்கு 35 அடி, ஏசி உண்டு. தினமும் 120 பேர் வரை வருவார்கள் என்று கணக்கு.

கேள்விகள்: ஒன்பது படி வேண்டும் என்று ஒரு கட்சி, ஐந்து போதும் என்று ஒரு கட்சி. எது சரி? சுண்டலுக்கு அளவு என்ன? எத்தனை மணிக்குத் தொடங்கினால் எல்லோருக்கும் ஒத்துவரும்? இதையெல்லாம் முன்பே நடத்தியவர்கள் நுணுக்கமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

அண்டா_குண்டா:

சமையல் பக்கம் மட்டும் சொல்கிறேன்.

120 பேர் என்று கணக்குப் போடாதீர்கள். செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், தோட்டம், நர்ஸ், கிச்சன் என்று ஒரு ஷிஃப்டுக்கு 30 பேராவது இருப்பார்கள். அவர்களுக்கு மிச்சம் மீதி கொடுக்கிற வழக்கம் வேண்டாம், முதலிலேயே சேர்த்து 150 என்று வையுங்கள். இந்த வயதில் ஒருவருக்கு வெந்த சுண்டல் 60 கிராம் போதும், அதாவது ஒரு சின்ன தொன்னை. மொத்தம் 9 கிலோ. ஒரு கிலோ காய்ந்த கொண்டைக்கடலை ஊறி வெந்தால் இரண்டு கிலோவுக்குச் சற்று மேலே வரும். ஆகவே நாலரை கிலோ கடலை, நான்கு தேங்காய். 22 லிட்டர் குக்கரில் மொத்தத்தையும் ஒரே தடவையில் போட்டுவிடாதீர்கள். பயறு வகைக்குக் குக்கர் பாதிக்கு மேல் நிரம்பக் கூடாது, நுரை பொங்கி வெயிட் அடைத்துக்கொள்ளும். இரண்டு தடவையாக வையுங்கள்.

அந்தப் பக்கத்தில் சிறுவாணித் தண்ணீர் வருகிறதா, போர் தண்ணீரா என்பதை முதலில் பாருங்கள். உப்புத் தண்ணீரில் கடலை எத்தனை விசில் விட்டாலும் தோல் மெத்தென்று ஆகாது. தண்ணீரில் உள்ள கால்சியம் தோலை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பலரும் இதற்குச் சோடா உப்பு போடுவார்கள். ருசி சோப்பு மாதிரி ஆகும், பிரஷர் உள்ளவர்களுக்குச் சோடியமும் கூடும். ஊற வைக்கவும் வேக வைக்கவும் ஆர்ஓ தண்ணீர் எடுத்துக்கொண்டால் பிரச்சினையே இல்லை. பத்து மணி நேரம் ஊறட்டும், நடுவில் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள், வாயுத் தொல்லை குறையும். மாங்காய், எலுமிச்சை எல்லாம் வெந்த பிறகுதான். புளிப்பு முன்னாலேயே சேர்ந்தால் கடலை வேகாமல் நின்றுவிடும்.

பதம் எப்படி என்றால், ஒரு கடலையை எடுத்து நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் நசுங்க வேண்டும். பல்லால் கடித்துப் பார்த்துச் சரி என்று சொல்பவர் சமையல்காரர், அவருக்கு 35 வயது. சாப்பிடப் போகிறவர்களுக்குப் பல்செட்.

ஒன்பது நாளும் கொண்டைக்கடலை வேண்டாம். பாசிப்பயறு, காராமணி, கடலைப்பருப்பு, பட்டாணி என்று மாற்றிக்கொள்ளுங்கள். வேர்க்கடலையை விட்டுவிடுங்கள், பல்செட்டுக்கு அடியில் துணுக்கு மாட்டும், விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கு ஆபத்தும் கூட. வெள்ளிக்கிழமை வெல்லப் புட்டு என்றால் சர்க்கரைக்காரர்களுக்கு அன்றும் கொஞ்சம் சுண்டல் தனியாக வேண்டும். அதற்காகச் 'சர்க்கரைக்காரர் வரிசை' என்று அட்டை மாட்டாதீர்கள், இரண்டு தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், அவரவர் எடுத்துக்கொள்வார்கள். சிறுநீரகக் கோளாறுக்கு டயட்டில் இருப்பவர்களுக்குப் பயறில் உள்ள பொட்டாசியம் ஆகாமல் போகலாம். அந்தப் பட்டியல் நர்ஸிடம் இருக்கும், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஊசிப் போவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: சூட்டோடு தேங்காயைப் போட்டு மூடி வைப்பது. மதியச் சமையலோடு சேர்த்து 12 மணிக்கே சுண்டலை முடித்துவிட்டு 5 மணிக்கு எடுத்தால் நூல் விடும். மூன்றரைக்குத் தாளித்து, அகலத் தட்டில் ஆறவிட்டு, விநியோகத்துக்கு அரை மணி முன்னால் தேங்காய் சேருங்கள்.

நடைவண்டி:

ஹால் விஷயம். ஒன்பது படி கட்சிக்கு என் ஓட்டு இல்லை. படிக்கு 20 செ.மீ. உயரம் என்றால் ஒன்பது படி 1.8 மீட்டர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தவரின் கண் மட்டம் ஏறக்குறைய 1.2 மீட்டர்தான். மேல் நான்கு படியில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியவே தெரியாது, பொம்மையின் தலை மட்டும் தெரியும். ஐந்து படி என்றால் ஒரு மீட்டரில் முடிந்துவிடும். பொம்மை அதிகமாக இருந்தால் உயரத்தைக் கூட்ட வேண்டாம், அகலத்தைக் கூட்டுங்கள். இன்னொன்று, ஒன்பது படி வைத்தால் அடுக்குவதற்கு யாராவது ஸ்டூலில் ஏறியாக வேண்டும். 'நான் ஏறுகிறேன், எனக்கு ஒன்றும் ஆகாது' என்று முதலில் முன்வருபவர் 78 வயதுக்காரராக இருப்பார். குடியிருப்பவர் யாரும் ஏறக்கூடாது, ஊழியர்தான் ஏறவேண்டும் என்று எழுதியே வையுங்கள்.

நாற்காலிக் கணக்கு: 35 அடி அகலத்தில் நடுவே 5 அடி வழி, இரு ஓரத்திலும் 3 அடி. மீதி 24 அடியில் கை வைத்த நாற்காலி இரு பக்கமும் ஐந்தைந்து. நீளத்தில் கொலுவுக்கும் பாடுபவர்களுக்கும் 12 அடி, வாசல் பக்கம் 10 அடி காலி. மிச்சம் 38 அடியில், வாக்கரோடு நுழைய வரிசைக்கு 4 அடி விட்டால், ஒன்பது வரிசை. ஆக 90 இடம். 120 பேர் ஒரே நேரத்தில் உட்கார இந்த ஹால் போதாது. ஏ, பி பிளாக் ஒரு நாள், சி, டி பிளாக் மறுநாள் என்று முன்வரிசை உரிமையை மாற்றி மாற்றிக் கொடுங்கள், கூட்டம் தானாகப் பிரியும். சக்கர நாற்காலிகளைக் கடைசி வரிசையில் ஒதுக்குவது எல்லா இடத்திலும் நடக்கிற அபத்தம். ஒன்றுவிட்டு ஒரு வரிசையில் நடு வழியை ஒட்டிய ஒரு நாற்காலியை எடுத்துவிட்டால் அவர் தன் மனைவி பக்கத்திலேயே இருக்கலாம்.

கோலம் ஹாலுக்குள் மாக்கோலமாக வேண்டாம். டைல்ஸ் தரையில் ஈர மாவு வழுக்கும், காய்ந்த பொடியோ ஊன்றுகோலின் ரப்பர் முனையில் ஒட்டிக்கொண்டு அடுத்த பத்து அடிக்குச் சறுக்கும். ஒரு பிளைவுட் பலகையில் போட்டுப் படிக்கு முன்னால் சாய்த்து வையுங்கள். சீரியல் விளக்கை 'மினுக்' மோடில் விடாதீர்கள், நிலையாக எரியட்டும். கண்புரை உள்ளவர்களுக்கு மினுக்கல் கூசும். ஒயரைச் சுவரோடு கொண்டுபோய் டேப் ஒட்டுங்கள்.

சாம்பிராணி, கற்பூரம் ஏசி ஹாலில் கூடாது. ஆஸ்துமாக்காரர்கள் ஒரு பக்கம், மேலே புகை டிடெக்டர் அலறினால் லிஃப்ட் நின்றுவிடும், அது இன்னொரு பக்கம். ஆரத்தியை வராந்தாவில் எடுத்துவிட்டுத் தட்டை மட்டும் உள்ளே கொண்டு வாருங்கள். ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டரோடு வருபவரை எந்த எரியும் விளக்கிலிருந்தும் குறைந்தது பத்தடி தள்ளி உட்கார வையுங்கள்.

நேரம் நாலரை முதல் ஆறு வரை. ஆறுக்கு மேல் இழுத்தால் இரவு மாத்திரை, ஏழரை மணிச் சாப்பாடு எல்லாம் தள்ளிப்போகும், இருட்டில் திரும்பி நடக்கவும் வேண்டும். ஐப்பசியை ஒட்டி வரும் வருடங்களில் சாயங்கால மழை வேறு. ஒருவருக்கு இரண்டு பாட்டு, அவ்வளவுதான். ஒரு பெரிய ஸ்பீக்கரை முன்னால் வைத்து அலறவிடுவதைவிட, இரண்டு சின்ன ஸ்பீக்கரை ஹாலின் நடுப்பகுதியில் குறைந்த சத்தத்தில் வையுங்கள். காது மெஷின் போட்டவர்களுக்கு எதிரொலிதான் எதிரி.

மரப்பாச்சி:

ஐந்து படி சரிதான். ஆனால் ஒன்பது கேட்பவர்கள் வீம்புக்குக் கேட்கவில்லை. பெரிய வீட்டைக் காலி செய்துவிட்டு இரண்டு அறைக்கு வந்தபோது பரம்பரைச் செட்டைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, மனசு வராமல் இரண்டு மூன்றை மட்டும் கொண்டு வந்திருப்பார்கள். 'என் பொம்மைக்கு இடம் இருக்குமா' என்பதுதான் அந்தக் கோரிக்கை. அதனால் வீட்டுக்கு இரண்டு பொம்மை, கட்டாயம் இடம் உண்டு என்று முதலிலேயே அறிவித்துவிடுங்கள். படி பற்றிய சண்டை பாதி அடங்கிவிடும். படியில் கொள்ளாததற்குப் பக்கத்தில் இரண்டு மேசை.

வீட்டுக்காரரிடமிருந்து வாங்கும்போதே பொம்மையின் அடியில் மாஸ்கிங் டேப் ஒட்டி வீட்டு எண் எழுதுங்கள், செல்லோ டேப் வர்ணத்தைப் பிய்த்துக்கொண்டு வரும். முன், பின், அடி என மூன்று போட்டோ. ஏற்கெனவே மூக்கு உடைந்திருந்தால் அதையும் நோட்டில் குறித்து, கொடுத்தவரிடம் கையெழுத்து. இல்லாவிட்டால் விஜயதசமிக்கு மறுநாள் உங்களுக்கு நிம்மதி இருக்காது. மண் பொம்மையை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது, உலர்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும். திருப்பிக் கொடுக்கும்போது பாலிதீன் வேண்டாம், உள்ளே வியர்த்து வர்ணம் உரியும். பழைய வேட்டித் துணி நல்லது. பழைய மண் பொம்மைகள் எதிர்பார்ப்பதைவிடக் கனம், கழுத்தைப் பிடித்துத் தூக்கினால் கழுத்து மட்டும் கையோடு வரும்.

பராமரிப்புப் பிரிவை மறக்காதீர்கள். மறதி நோய் உள்ளவர்களுக்குச் சாயங்காலம் ஆக ஆகப் பதற்றம் கூடும், கூட்டத்துக்கும் மைக்குக்கும் நடுவில் கொண்டுவந்தால் அழுவார்கள். காலை பதினொரு மணிக்கு, ஹால் அமைதியாக இருக்கும்போது இருவர் மூவராகக் கூட்டி வரட்டும். அப்போது செட்டியார் பொம்மைக்கு முன்னால் பரப்பியிருக்கும் மண் காய்கறி, பழங்களை மட்டும் எடுத்து மறைத்துவிடுங்கள். அந்தச் சின்ன வாழைப்பழத்தை நிஜம் என்று எடுத்துக் கடித்துவிடுவார்கள். படுக்கையிலேயே இருப்பவர்களுக்கு மருந்து டிராலி ஒன்றில் மூன்று தட்டாக அடுக்கிக் கட்டில் பக்கத்துக்கே கொலுவைத் தள்ளிக்கொண்டு போகலாம். மரப்பாச்சியைக் கையில் கொடுங்கள், உடையாது.

பி_பிளாக்_செயலர்:

மூவருக்கும் நன்றி. 90 நாற்காலிக் கணக்கு கண்ணைத் திறந்துவிட்டது. ஐந்து படி, வீட்டுக்கு இரண்டு பொம்மை என்று சர்க்குலர் போடுகிறேன். இன்னும் மூன்று சிக்கல்: பணம் எப்படி வசூலிப்பது? தாம்பூலம் கொடுப்பதில் சங்கடம் வராமல் எப்படி நடத்துவது? ஒன்பது நாளுக்குள் வளாகத்தில் யாராவது தவறிவிட்டால் என்ன செய்வது?

பொதுக்குழு:

பணத்துக்கு மண்டகப்படி முறைதான், அதாவது ஒவ்வொரு நாள் செலவையும் ஒரு தரப்பு ஏற்பதுதான் நல்லது, ஆனால் வீட்டுக்கு ஒரு நாள் என்று விடாதீர்கள். முதல் நாள்காரர் சுண்டல் கொடுத்தால் இரண்டாம் நாள்காரர் சுண்டலோடு கேசரி, நான்காம் நாள் வெள்ளிக் குங்குமச்சிமிழ் என்று ஏறிக்கொண்டே போகும். பென்ஷன் மட்டும் உள்ளவர் வாயைத் திறக்க மாட்டார். பிளாக்குக்கு இத்தனை நாள் என்று விட்டு, ஒரு நாள் செலவுக்கு உச்சவரம்பு வையுங்கள். பணம் பெயர் எழுதாத கவரில் உண்டியலில் விழட்டும். நன்கொடையாளர் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டவே கூடாது. வரவு செலவு மொத்தத் தொகையை மட்டும் ஒட்டுங்கள்.

தாம்பூலம்: இந்த வயது வளாகத்தில் துணையை இழந்த பெண்கள் நிறையப் பேர் இருப்பார்கள். வாசலில் ஒருவர் சிமிழோடு நின்று ஒவ்வொரு நெற்றியாகப் பார்த்துக் குங்குமம் நீட்டுவதும், சிலரிடம் வரும்போது கை தயங்குவதும்தான் சங்கடத்தின் மூலம். நிற்பவரே வேண்டாம். மஞ்சள், குங்குமம், சந்தனம், பூ எல்லாம் ஒரு மேசையில் தட்டுகளில் இருக்கட்டும், வேண்டியவர் எடுத்துக்கொள்வார். வெற்றிலை பாக்குப் பை எல்லோருக்கும் ஒன்றே. ஆண்களுக்கும், வேற்று மதத்தவருக்கும், ஊழியருக்கும் அதே பை. முழுத் தேங்காய் வேண்டாம், உடைக்கவும் துருவவும் அவர்களால் முடியாது, கடைசியில் கிச்சனுக்கே திரும்பி வரும். ஒரு வாழைப்பழம், இரண்டு வெற்றிலை, பாக்குப் பொட்டலம் போதும். ரவிக்கைத் துணியும் வேண்டாம், கைக்குட்டையோ சின்னத் துண்டோ யாருக்கும் பயன்படும்.

இறப்பு பற்றி இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், நடந்த பிறகு கூட்டம் போட்டு முடிவெடுக்க முடியாது. நடைமுறையில் ஒத்துவருவது இதுதான்: கொலுவைக் கலைப்பதில்லை, விளக்கு மட்டும் ஏற்றுவது. அன்றைய பாட்டு, மைக், சுண்டல் விநியோகம் ரத்து. மறுநாள் வழக்கம்போல. இறந்தவர் வீட்டுக்காரர்களிடம் 'நடத்தலாமா' என்று கேட்டுச் சுமையை அவர்கள் தலையில் வைக்காதீர்கள், விதி இது என்று தெரிவித்துவிடுங்கள். ஊறப் போட்ட கடலையை வடித்து ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் வரை தாங்கும். தீட்டுப் பார்க்கும் குடும்பங்கள் அவரவர் வழக்கப்படி விலகியிருந்துகொள்ளட்டும், அதை எல்லோருக்குமான விதியாக்க வேண்டாம்.

பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் புத்தகத்தை அஷ்டமி மாலையே பூஜைக்கு வைப்பார்கள், நம்மவர்கள் நவமியன்று. இரண்டுக்கும் ஒரே மேசை போதும், முதல் நாளே விரித்துவிடுங்கள். கண்ணாடி, மாத்திரைச் சீட்டு, சுகர் நோட்டு ஆகியவற்றையும் புத்தகத்தோடு அடுக்கிவிடப் போகிறார்கள். விஜயதசமி வரை எடுக்க மாட்டேன் என்பார்கள். கவனம்.

நடைவண்டி:

கோலாட்டம் கேட்டால் மறுக்காதீர்கள், உட்கார்ந்தே ஆடலாம். இரண்டு வரிசை நாற்காலி எதிரெதிராக, முழங்கால்களுக்கு நடுவே இரண்டடி. கைப்பிடி இல்லாத நாற்காலி, சக்கரம் இருந்தால் பிரேக். கோல் ஒரு அடி நீளம், கனமில்லாத மரம். தோளுக்கு மேல் கை போகாத அடவு மட்டும். தாளம் வேகமெடுத்தால் எதிரே இருப்பவரின் விரலில் அடி விழும், அதனால் ரெக்கார்டு வேண்டாம், கூட ஒருவர் மெதுவாகப் பாடட்டும்.

அண்டா_குண்டா:

ஆயுத பூஜைக்கும் ஒரு குறிப்பு. அது ஊழியர்களின் நாள், ஜெனரேட்டர் அறை, கிச்சன், லிஃப்ட், ஆம்புலன்ஸ், சக்கர நாற்காலிகள் எல்லாவற்றுக்கும் அவர்களே சந்தனப் பொட்டு வைப்பார்கள். ஆனால் சக்கர நாற்காலியின் கைப்பிடியிலும் பிரேக் லீவரிலும் சந்தனமோ எண்ணெயோ பட வேண்டாம், வழுக்கும். 150 பேருக்குப் பொரி 4 கிலோ, பொட்டுக்கடலை ஒன்றரை, வெல்லம் ஒரு கிலோ. பொரி தொண்டையில் ஒட்டும், கூடவே தண்ணீர் பாட்டில் வையுங்கள். பூசணிக்காயை உள் ரோட்டில் உடைக்கவே கூடாது. கேட்டுக்கு வெளியே ஓரமாக ஒரு சாக்கை விரித்து அதன்மேல் உடைத்து, சாக்கோடு சுருட்டி உடனே குப்பை வண்டிக்கு. ஆம்புலன்ஸுக்கு எலுமிச்சை வைப்பதென்றால் டிரைவரிடம் சொல்லிவிட்டு வையுங்கள், அந்த நேரத்தில் அவசர அழைப்பு வந்தால் அவர் எடுத்துவிட்டுப் போவார்.