4ஆம் வகுப்பில் 'நம்பர் த ஸ்டார்ஸ்': பையன் ராத்திரி தாழ்ப்பாளைப் பார்க்கிறான்

கரோலைனா_அம்மா:
என் பையன் கிளாஸ்ல இந்த மாசம் லோயிஸ் லோரி எழுதின 'நம்பர் த ஸ்டார்ஸ்' நாவல் நடக்குது. 1943, ஜெர்மன் படை பிடிச்சு வச்சிருக்கிற டென்மார்க், தலைநகர் கோபன்ஹேகன். அன்மேரிங்கற 10 வயசுப் பொண்ணு வீட்டுல, அவளோட யூதத் தோழி எல்லனைத் தங்களோட மகள்னு சொல்லி ஒளிச்சு வைக்கிறாங்க. 1990ல அமெரிக்காவோட சிறுவர் புத்தக விருதான நியூபெரி பதக்கம் வாங்கின புத்தகம், அட்டையிலயே தங்க முத்திரை. எல்லாம் சரிதான். ஆனா விடியக்காலை 4 மணிக்கு சிப்பாய்ங்க கதவைத் தட்டுற அத்தியாயம் படிச்சதுலேர்ந்து மூணு நாளா பையன் ராத்திரி எழுந்து வந்து வாசக்கதவு பூட்டியிருக்கான்னு பார்க்கிறான். 9 வயசுக்கு இது தேவையா? வேற புத்தகம் கேட்கலாம்னு இருக்கேன்.

டெக்சாஸ்_டீச்சர்:
கேட்காதீங்க மேடம். நான் 5ஆம் வகுப்புக்கு ஆறு வருஷமா இதைத்தான் நடத்துறேன். நீங்க சொல்ற அதே அத்தியாயம்: எல்லன் கழுத்துல, யூதப் பொண்ணுன்னு காட்டிக்கொடுத்துடற நட்சத்திர டாலர் போட்ட சங்கிலி. கொக்கி கழலல. அன்மேரி வெடுக்குனு அறுத்துக் கைக்குள்ள பொத்திக்கிறா. சிப்பாய்ங்க போனப்புறம் திறந்து பார்த்தா உள்ளங்கையில நட்சத்திரம் பதிஞ்சிருக்கு. போன வருஷம் இதை நான் வாசிக்கும்போது முன்வரிசைப் பையன் ஒருத்தன் தன் கையை இறுக மூடிக்கிட்டான். லஞ்சுக்கு வரிசையில நிக்கும்போதும் திறக்கல. அவன் அதுவரைக்கும் ஒரு புத்தகம் முழுசாப் படிச்சவன் இல்ல.

சாவெல்லாம் திரைக்குப் பின்னாலதான் நடக்குது. குழந்தை தாங்குற அளவு தெரிஞ்சு எழுதினவங்க லோரி.

பழைய_பேப்பர்:
அட்டையில இருக்கிற பதக்கத்தைப் பார்த்து யாரும் மயங்க வேணாம். நியூபெரி கொடுக்கிறது நூலகர் சங்கம், அதுவும் 14 வயசு வரைக்குமான புத்தகங்களுக்கு. நீதி போதனைக்காகவோ, நல்லா விக்குதுன்னோ கொடுக்கிற விருது இல்லன்னு அவங்க விதியிலயே இருக்கு. "பதக்கம் வாங்கிச்சு, அதனால 4ஆம் வகுப்புக்கு சரி"ன்னு ஸ்கூல் நினைச்சா, அது எந்தக் கணக்கு?

என் சண்டை வேற. டென்மார்க் யூதர்கள் 7,000 பேருக்கு மேல படகுல ஸ்வீடன் போய்த் தப்பிச்சாங்க, உண்மை. ஆனா 470 பேர் போல தெரேசியென்ஸ்டாட்ங்கற நாஜி சிறை முகாமுக்குப் போனாங்களே? கதையில அன்மேரியோட ஹென்ரிக் மாமா மீன் பிடிக்கிற கில்லலை ஊர் இருக்கே, அதே ஊர் சர்ச் பரண்ல ஒளிஞ்சிருந்த 80 பேரை ஜெர்மன் ரகசியப் போலீஸ் கெஸ்டப்போ அள்ளிட்டுப் போச்சு. நாவல்ல அது இல்ல. முதமுதல்ல இந்தக் கொடுமையைக் கேள்விப்படுற பிள்ளை, அக்கம்பக்கம் நல்லவங்களா இருந்தா எல்லாரும் பிழைச்சுக்கலாம்னு நினைச்சுக்காதா? போலந்துல யூதர்கள் பெரும்பாலும் பிழைக்கலையே?

கரோலைனா_அம்மா:
சார், நீங்க எனக்கு ஆதரவா பேசுறீங்களா, இன்னும் பயமுறுத்தச் சொல்றீங்களா? :)

பழைய_பேப்பர்:
ரெண்டும்தான். முழுசாச் சொல்ற வயசு வரட்டும், அதுவரைக்கும் பொறுங்கன்றேன்.

ஸ்காபரோக்காரி:
அண்ணா, பொறுத்துக்கொண்டே இருந்தா அந்த வயசு எப்ப வரும்? என்ர அம்மா 83 கலவரத்தில கொழும்பில ஒரு சிங்கள வீட்டு அறைக்குள்ள நாலு நாள் ஒளிஞ்சிருந்தவ. அப்ப அவவுக்கு 11 வயசு. எங்களிட்ட அதைப் பற்றி வாய் திறந்ததே இல்லை. என்ர மகள் போன வருசம் பள்ளியில இந்தக் கதையை வாசிச்சிட்டு வந்து, "அம்மம்மா, உங்களையும் ஆராவது ஒளிச்சு வச்சவையோ?" எண்டு கேட்டாள். அண்டைக்குத்தான் எனக்கே தெரியும்: அந்த வீட்டு அம்மா முதல் செய்த வேலை, அம்மான்ர நெத்திப் பொட்டை முந்தானையால அழிச்சதாம். எல்லன்ர சங்கிலி மாதிரித்தான்.

காப்பாத்தின ஆக்களின்ர கதை முழுக்கதை இல்லை, எனக்கும் தெரியும். ஆனா பிள்ளை கேள்வி கேக்க அது ஒரு வாசல்.

பழைய_பேப்பர்:
இதுக்கு என்கிட்ட பதில் இல்லம்மா. ஆனா உங்க மகளை அந்தக் கேள்வியைக் கேட்க வச்சது ஒர்க்‌ஷீட் இல்லியே.

கரோலைனா_அம்மா:
ஒர்க்‌ஷீட்னதும் ஞாபகம் வருது. 17 அத்தியாயத்துக்கு 17 தாள். நேத்து வந்த கேள்வி: "அன்மேரி சங்கிலியை அறுத்தது ஏன்? அ) கோபம் ஆ) அது பழசு இ) எல்லனைக் காப்பாற்ற ஈ) தெரியவில்லை". அப்புறம் அஞ்சு சொல்லுக்கு அர்த்தம். கிளாஸ்ல பேச்சே இல்லயாம். அத்தியாயத்தை வீட்டுல படிச்சுட்டு வரணும், கிளாஸ்ல டிக் அடிக்கணும். இதுல சோகம், கைக்குட்டையில முயல் ரத்தமும் கொக்கெயினும் தடவி, படகைச் சோதிக்க வர்ற ஜெர்மன் நாயோட மோப்பத்தைக் கெடுப்பாங்கன்னு பின்னாடி வருது. கொக்கெயின்னா என்னன்னு சாப்பாட்டு மேசையில மாமனார்கிட்ட கேட்டான்.

டெக்சாஸ்_டீச்சர்:
அந்தத் தாளுக்காக டீச்சர் ஜாதி சார்பா மன்னிப்பு. சத்தியமா எங்களுக்கும் அது பிடிக்காது. மார்க் போட ஏதாவது காகிதம் வேணும்னு மேல கேட்கிறாங்க. 4 மணிக்குக் கதவு தட்டுற காட்சியைப் பிள்ளை வீட்டுல தனியா உட்கார்ந்து படிக்கவே கூடாது. 25 பேர் நடுவுல, டீச்சர் குரல்ல கேட்கணும். உங்க பையன் பயந்தது புத்தகத்தால இல்ல, தனியா விட்டதால.

கரோலைனா_அம்மா:
இருக்கலாம். ஆனா எல்லாம் தெரியாம இருந்தாத்தான் தைரியமா இருக்க முடியும்னு ஹென்ரிக் மாமாவே அன்மேரிகிட்ட சொல்றாரே? புத்தகமே என் கட்சிதான்!

டெக்சாஸ்_டீச்சர்:
அதே இடத்துல இன்னும் கொஞ்சம் படிங்க. செத்துப்போன பிர்த்தே பாட்டின்னு சவப்பெட்டி வைக்கிறாங்க. அப்படி ஒரு பாட்டியே கிடையாதுன்னு அன்மேரி கண்டுபிடிச்சுக் கேட்டதும் மாமா மழுப்பல, பொய்தான்னு ஒத்துக்கிறார். பிள்ளை கேட்டா சொல்லணும், கேட்காததைக் கொட்டக் கூடாது. எனக்குத் தெரிஞ்ச பாடத்திட்டம் அவ்வளவுதான்.

கரோலைனா_அம்மா: (ஒன்பது நாள் கழிச்சு)
புத்தகம் மாத்தல. தினமும் ராத்திரி நானே சத்தமா வாசிக்கிறேன், அவன் குறுக்கக் குறுக்கக் கேள்வி கேட்கிறான். தாழ்ப்பாள் பார்க்கிறது குறைஞ்சிருக்கு, நிக்கல. 4ஆம் வகுப்புக்கு இது சீக்கிரம்னு இப்பவும்தான் சொல்றேன். நேத்து 16ஆம் அத்தியாயம் முடிஞ்சுது. ஜெர்மன்காரங்களை எதிர்த்து ரகசியமா வேலை செய்யற பீட்டர்னு ஒருத்தர் கதையில வர்றார், பையனுக்கு அவர்னா உயிர். இன்னிக்குக் கடைசி அத்தியாயம், பீட்டரைச் சுட்டுட்டாங்கன்னு வருது. முன்கூட்டியே சொல்லிடவா?

பழைய_பேப்பர்:
சொல்லிடுங்க.

ஸ்காபரோக்காரி:
சொல்லாதேங்கோ அக்கா. பக்கத்தில இருங்கோ.