ஏற்காட்டில் குளிர்நீர்ப் பயிற்சிக்குத் தொட்டி கிடைக்குமா?

வணக்கம் நண்பர்களே. 15 டிகிரி நீரில் வெட்சூட் (குளிர் தாங்கும் ரப்பர் நீச்சல் உடை) இல்லாமல் நீந்தும் போட்டிக்குச் சேலத்திலிருந்து நான்கு பேர் தயாராகிறோம். தூரத்தைக் குளத்திலேயே பழகலாம், குளிரைப் பழக முடியாது. ஏற்காட்டில் யார் தோட்டத்திலாவது வெயில் படாத, கழுத்தளவு அமரக்கூடிய 1000 லிட்டர் தொட்டி இருக்கிறதா? மார்கழி, தை விடியற்காலைகளுக்கு மட்டும். தண்ணீர் 20 டிகிரியில் இருந்தால் 15க்கு இறக்க 50 கிலோவுக்கு மேல் ஐஸ் போகும். ஐஸ் பார் மலைக்கு ஏற்றித் தருபவர் தெரிந்தாலும் சொல்லுங்கள்.

பக்கத்தில் ஓர் அறை கட்டாயம் வேண்டும். கரையேறிய பிறகும் அரைமணி வரை உடல்சூடு இறங்கிக்கொண்டே இருக்கும். விரல் விறைத்து, சட்டைப் பொத்தானைக்கூடப் போட வராது. உடனே வெந்நீரில் குளித்தால் மயக்கம் வரலாம். உலர்ந்த துணி, கம்பளி, சூடான டீதான் சரி.

இறங்கும் முதல் இரண்டு நிமிடம் மூச்சு தானாக இழுக்கும், அப்போது முகம் மூழ்கக் கூடாது. அதனால் முதலுதவி தெரிந்த ஒருவர் கரையில் நிற்க முடியுமா?