நனவா, உணர்வா, ஓர்வா?

கிளிநொச்சியிலிருந்து, அளவையியல் ஆசிரியை:

எல்லோருக்கும் வணக்கம். உயர்தர வகுப்புக்கு மேலதிக வாசிப்பாக எட்டுப் பக்கத் தாள் ஒன்று எழுதுகிறேன். வெள்ளி பின்னேரம் போட்டோக்கொப்பிக்குக் கொடுக்கவேண்டும். ‘அறிதல் என்றால் என்ன’ என்ற முதற்பாதி முடிந்தது. இரண்டாம் பாதி ஒரே ஆங்கிலச் சொல்லில் இடறி நிற்கிறது: கொன்சியஸ்னஸ், அதாவது தன்னையும் சுற்றியுள்ளதையும் உள்ளுக்குள் அறிந்திருக்கும் நிலை. என் வரைவில் ஐந்தாம் பக்கம் ‘உணர்வு’, ஆறாம் பக்கம் ‘நனவு’, ஏழாம் பக்கம் ‘பிரக்ஞை’. மூன்றும் ஒரே பொருளைத்தான் சொல்லுது என்று பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? கூடவே இன்னும் இரண்டுக்குச் சொல் வேண்டும்: ஒன்று குவாலியா, அதாவது ஒரு ருசியோ நிறமோ உள்ளுக்குள் படுகிற விதம். மற்றது, மூளையின் இயக்கத்தோடு அந்த உள்ளனுபவம் ஏன் வருகிறது என்ற கேள்வி; மெய்யியலாளர் சால்மர்ஸ் 1995இல் ‘ஹார்ட் ப்ரொப்ளம்’ என்று பேர் வைத்தது.

முதற்பாதியிலும் ஒன்று உறுத்துகிறது. அறிவுக்குப் பிளேட்டோ காலத்திலிருந்து வருகிற வரைவிலக்கணத்தை ‘நியாயப்படுத்தப்பட்ட உண்மையான நம்பிக்கை’ என்று எழுதியிருக்கிறேன். மெய்யியலாளர் கெட்டியர் 1963இல் மூன்றே பக்கத்தில் அதை உடைத்ததற்கு எங்கள் வயலிலிருந்தே உதாரணம் எடுத்தேன். பொழுதுபட்ட நேரம், தூரத்து வரம்பில் நிற்பவர் வெருளியைக் கண்டு ‘வயலுக்குள்ள ஆள் இருக்கு’ என்கிறார். வெருளிக்குப் பின்னால், அவர் கண்ணில் படாமல், மெய்யாகவே ஒருவர் குந்தியிருந்து நண்டு வளை அடைக்கிறார். நம்பினது மெய். நம்பக் காரணமும் உண்டு. ஆனாலும் அவர் அறிந்தார் என்று சொல்ல மனம் வராது. உதாரணம் பிள்ளைகளுக்கு விளங்கும். வரைவிலக்கணம்தான் வாயில் நுழையாது.

முள்ளியவளையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பிள்ளை, ‘ஆதாரமுள்ள மெய்நம்பிக்கை’ என்று போடுங்கோ. ‘-படுத்தப்பட்ட’ என்று வருவதை வாய்விட்டு வாசித்தால் மூச்சு முட்டும்.

‘பிரக்ஞை’யை எடுத்துவிடுங்கோ. இலக்கிய விமர்சனம் எழுதுகிற ஆக்கள் ‘சமூகப் பிரக்ஞை’ என்று எழுதி அதற்கு அக்கறை என்ற பொருளைக் கொடுத்தாயிற்று.

என் முன்மொழிவு ‘ஓர்வு’. ஓர்தல் என்றால் உள்ளத்தால் கொள்ளுதல். அறிவு, நிறை, ஓர்ப்பு, கடைப்பிடி என்று தலைமகனுக்குச் சொன்ன குணங்களில் ஓர்ப்பு நிற்கிறது. மலையாளத்தில் ஓர்மை நினைவு. எங்கள் வன்னியிலோ ‘ஓர்மம்’ பிள்ளைப்பேச்சிலேயே உண்டு. மனத்தை ஒன்றில் நாட்டின உறுதி. சிதறிக் கிடக்கும் ஐம்புலனை ஓர் இடத்தில் சேர்ப்பதால் ஓர்வு. எண்ணும் வினையும் ஒரே அடியில் கூடுவதைப் பாருங்கோ.

மடுவிலிருந்து:

ஐயா, எண் ‘ஓர்’ வேறு, வினை ‘ஓர்’ வேறு. ‘ஒரு’ உயிர்முன் ‘ஓர்’ ஆகிறது, அது திரிபு. ஓர்தலில் ‘ஓர்’ தானே பகுதி. இரண்டையும் ஒட்டவைத்தால் பொருள் அழகாய் வரும், இலக்கணம் இடம் தராது. ஓர்மம் உள்ள ஊரில் ‘ஓர்வு’ என்றால் பிள்ளைகள் துணிவு என்றுதான் எடுப்பார்கள்.

‘நனவு’ இருக்க ஏன் புதுச்சொல்? நனவிலி மனம், நனவோடை எல்லாம் ஏற்கனவே புழக்கத்தில் இருக்கு. சைவ சித்தாந்தத்தில் சாக்கிரத்துக்கு, விழித்திருக்கும் நிலைக்கு, தமிழ் நனவுதான்.

முள்ளியவளை:

சாக்கிரத்துக்கு என்று நீங்களே எழுதுகிறீர்கள், தம்பி. அது உயிரின் ஐந்து அவத்தையில், அதாவது நிலைகளில், ஒன்று. சொப்பனம், கனவு, அடுத்தது. கனவு காண்கிறவனுக்கு நிறம் தெரியுது, பயம் வருது, குரல் கேக்குது. அவனிடம் இந்தப் பொருள் இருக்கிறது. ‘கனவு காண்கையிலும் நனவு உண்டு’ என்று ஆறாம் பக்கத்தில் எழுத ரீச்சருக்குக் கை வருமா? குறளில் நனவும் கனவும் எதிரெதிராய் நிற்பவை. அந்த எதிர்ச்சொல்லைக் கெடுக்க எனக்குச் சம்மதமில்லை.

வவுனியாவிலிருந்து, தாதிய உத்தியோகத்தர்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவேணும். வார்ட்டில் இந்தச் சொல் நாளாந்தம் புழங்குவது. தலையில் அடிபட்டு வந்தால் 1974இல் கிளாஸ்கோவில் வகுத்த அளவீட்டை எடுக்கிறோம். கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கை கால் அசைவுக்கு 6. மொத்தம் 15. ஒன்றுமே இல்லாதவருக்கும் பூச்சியம் இல்லை, 3தான், ஏனென்றால் ஒவ்வொன்றிலும் ஆகக் குறைந்தது 1. கூட்டுத்தொகை 8 அல்லது அதற்குக் கீழே என்றால் சுவாசவழி பற்றி உடனே யோசிக்கவேணும். இதை வீட்டுக்காரருக்கு ‘நினைவு இருக்கு’, ‘நினைவு தப்பிட்டுது’ என்றுதான் சொல்லுவோம்.

‘உணர்வு இல்லை’ என்று மட்டும் சொல்லக்கூடாது. முள்ளந்தண்டு அடிபட்டவர் தெளிவாய்க் கதைப்பார், ‘காலில உணர்வு இல்லை’ என்பார். அது விறைப்பு, தொடுகை தெரியாமை. ஒரு துண்டில் ‘உணர்வற்ற நிலை’ என்று எழுதினால் ஒருவர் மயக்கம் என்றும் இன்னொருவர் கால் விறைப்பு என்றும் எடுப்பார். எங்கள் பக்கம் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்கள் எத்தனையோ பேர். இந்தக் குழப்பம் சின்னது அல்ல.

அறிவியல் நகரிலிருந்து, பொறியியல் மாணவர்:

அக்கா சொன்னதோட இன்னொண்டு. சென்சருக்குத் தமிழ் ‘உணரி’ எண்டு நிலைச்சிட்டுது. வயலில நடுற ஈரப்பதன் உணரி மண்ணில மின்கடத்தலையோ மின்கொள்ளளவையோ அளந்து ஒரு எண்ணைத் தருது, அவ்வளவுதான். கொன்சியஸ்னஸுக்கு ‘உணர்வு’ எண்டால் உணரிக்கு உணர்வு இருக்கு எண்டு சொல்லே ஒப்புக்கொள்ளுது. வாதம் தொடங்க முதலே முடிஞ்சிடும்.

‘விழிப்புணர்வு’ம் சரிவராது. இங்க அந்தச் சொல்லைக் கேட்டால் மிதிவெடிப் பலகையும் டெங்கு நுளம்புத் துண்டுப்பிரசுரமும்தான் ஞாபகம் வரும்.

என்ர எண்ணம், ஆங்கிலச் சொல் மூண்டு வேலை பாக்குது. முழிச்சிருக்கிறது ஒண்டு. ஒன்றைக் கவனிச்சுச் சொல்லக்கூடியதாய் இருக்கிறது இரண்டு. உள்ளுக்குள்ள அது எப்படிப் படுது எண்டது மூண்டு. முதல் இரண்டையும் மூளையின் இயக்கத்தால விளக்கலாம் எண்ட நம்பிக்கைக்கு இடம் இருக்கு. மூண்டையும் ஒரு சாக்குக்குள்ள போட்டுக் கட்டினதாலதான் புதிராத் தெரியுது. தமிழில ஏன் அதே சாக்கைத் தைக்கவேணும்?

கிளிநொச்சி:

தம்பி சொல்வதை ஏற்கிறேன், ஒரு படி தவிர. பிரித்தாலும் மூன்றாவது அப்படியே கிடக்கும். 1974இல்தான் மெய்யியலாளர் நேகல் வௌவாலைப் பற்றி எழுதினார்: எதிரொலியை வைத்து இரை பிடிப்பதை எவ்வளவு ஆராய்ந்தாலும், வௌவாலாய் இருப்பது வௌவாலுக்கு எப்படி இருக்கும் என்பது வெளியிலிருந்து கிடைக்காது என்று. அதே ஆண்டில் ஒருபக்கம் நினைவுக்கு 3 முதல் 15 வரை எண் போட்டார்கள், மறுபக்கம் எண்ணில் அகப்படாதது இது என்றார்கள். இரண்டும் சரி, ஏனென்றால் இரண்டும் வேறு வேறு பொருள்.

தாளில் மெய்யியலாளர் ஜாக்சன் 1982இல் கற்பனை செய்த மேரியை வைத்திருக்கிறேன். கறுப்பு வெள்ளை அறைக்குள் இருந்து நிறத்தின் விஞ்ஞானம் முழுக்கப் படித்தவள்; வெளியே வந்து முதன்முதல் நிறத்தைக் காணும்போது புதிதாய் ஒன்று அறிகிறாளா என்பது கேள்வி. அதற்குப் பக்கத்தில் பாலைப்பழம். சின்ன மஞ்சள் பழம், வாயில் போட்டதும் தேன் இனிப்பு, நாலைந்து தின்றதும் பால் பிடித்து உதடு இரண்டும் ஒட்டும். அதில் எத்தனை சீனி, பாலில் என்ன பசை, நாக்கில் எந்த நரம்பு என்று எல்லாம் படித்த பிள்ளை முதற்பழம் தின்னும்போது புதிதாய் ஒன்று அறிகிறாளா? அந்த ‘ஒன்று’க்குத்தான் சொல் கேட்கிறேன்.

முள்ளியவளை:

அதற்கு மூவாயிரம் சொல் தேடவேண்டாம். தொல்காப்பியர் மரபியலில் ‘ஒன்றறி வதுவே உற்றறி வதுவே’ என்று வைத்தார். ‘உற்றறிவு’ என்று எழுதுங்கோ. உறுதல் என்றால் தொடுதல்; உறாமல் வராத அறிவு. தின்றால்தான் தெரியும் என்பதற்கு இதைவிட நேரான சொல் இல்லை. உற்றறிவது மெய். மெய்யே உடம்பு, மெய்யே உண்மை. தொட்டதே உண்மை என்ற கொள்கை சொல்லுக்குள்ளேயே...

மடு:

ஐயா, மெய்யை இன்னொரு நாளைக்கு வைப்போம். உற்றறிவு அவர் புல்லுக்கும் மரத்துக்கும் கொடுத்தது. ஓரறிவு அது. புளியமரத்துக்கு குவாலியா உண்டு என்று ஆகாதா?

முள்ளியவளை:

ஆகட்டுமே. மரத்துக்கு உண்டா இல்லையா என்பதுதானே கேள்வி; சொல் கதவை அடைக்காமல் இருப்பது நல்லது. அவர் உற்றறிதலை அடியில் வைத்து அதன்மேல் நாக்கு, மூக்கு, கண், செவி, மனம் என்று ஒவ்வொன்றாய்க் கூட்டிக்கொண்டு போகிறார்.

அறிவியல் நகர்:

‘தெரியும்’ எண்ட சொல்லையும் பாருங்கோ. ‘எனக்குத் தெரியும்’ எண்டு நாலாம் வேற்றுமையில வருது, ‘நான் அறிவேன்’ எண்டு எழுவாயில வருது. ‘தெரிகிறது’ எண்டால் கண்ணுக்குப் படுது எண்ட பொருள் முன்னுக்கு வந்திடும். செய்யத் தெரியிறது, செய்தி தெரியிறது எண்டு மெய்யியலாளர் ரைல் பிரிச்ச இரண்டும் ஒரே சொல்லில நிக்குது: ‘உழத் தெரியும்’ கைப்பழக்கம், ‘எப்ப உழவேணும் எண்டு தெரியும்’ செய்தி. பாலைப்பழத்தின்ர ருசி ‘தெரியும்’ எண்டது இரண்டிலயும் சேராது. முதற்பாதிக்கு ஒரு பந்தி கிடைக்கும், ரீச்சர்.

மடு:

மிச்சம் ஹார்ட் ப்ரொப்ளம். ‘புதிர்’ என்றால் விடை ஒன்று ஒளிந்திருக்கிறது என்று ஆகும். ‘மறைபொருள்’ என்றால் விடையே இல்லை என்று முன்கூட்டித் தீர்ப்பெழுதியதாகும். ‘சிக்கல்’ இரண்டுக்கும் இடம் விடும். வலையில் சிக்கு விழுந்தால் சிலதை எடுக்கலாம், சிலதை அறுக்கத்தான் வேணும். ‘கடுஞ்சிக்கல்’.

கிளிநொச்சி:

நேரமாகிவிட்டது. தாளில் இப்படிப் போகிறது: முழித்திருக்கும் நிலைக்கு ‘நினைவு’, தாதி அக்கா சொன்னபடி. கவனித்துச் சொல்லக்கூடிய நிலைக்கு ‘கவனம்’ போதும். குவாலியாவுக்கு ‘உற்றறிவு’. மூன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டிய இடத்தில் மட்டும் ‘உணர்வுநிலை’. உணரியோடு குழம்பக்கூடாது என்று அதே பக்கத்தில் ஒரு வரி. நால்வர் சம்மதம், ஐயா ஒருவர் இல்லை. எனக்கும் ‘உணர்வுநிலை’ முழு நிறைவு இல்லை.

முள்ளியவளை:

‘உணர்வுநிலை’க்கு என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். உணர்தலுக்குத் துயிலெழுதல் என்ற பொருளும் உண்டு, மலையாளத்தில் இன்றும் அதுதான் பொருள். ஆகவே கனவு காண்பவன் இந்தச் சொல்லுக்கும் வெளியேதான் நிற்கிறான். ஓர்வில் அந்தக் குற்றம் இல்லை. ஆறாம் பக்கத்தில் ‘நனவு’ முழுவதையும் மாற்றும்போது கவனம், பிள்ளை: உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890இல் எழுதினதைச் சொல்லும் இடத்தில் ‘நனவோடை’ என்று இருந்தால் அதைத் தொடவேண்டாம்.