மருத்துவமனையில் நியாயம் கேட்டுப் புகார் கொடுத்தவர்கள் உண்டா?

ஜெலுத்தோங் மகள்

அம்மாவுக்கு 74 வயது. பினாங்கில் ஓர் அரசாங்க மருத்துவமனை, எலும்பு நிபுணர் கிளினிக். பெயர் வேண்டாம். எங்கள் எண் 1043, காலை ஏழரைக்கு எடுத்தது. பலகையில் 1042 வந்தது, அடுத்து 1044. இடையில் எண்ணே இல்லாமல் பூப்போட்ட பாத்தேக் சட்டைக்காரர் ஒருவர் கோப்பும் கையுமாக நேரே உள்ளே போனார். கதவைத் திறந்துவிட்ட ஊழியர் அவரைப் பார்த்துச் சிரித்தார். நான் எழுந்தேன். சக்கர நாற்காலியில் இருந்த அம்மா என் முழங்கையைப் பிடித்து, "விடு, யாரிடமும் வாயைக் கொடுக்காதே. நாளைக்கும் இங்கேதான் வரவேண்டும்" என்றார். எங்களைக் கூப்பிட்டபோது மணி பன்னிரண்டே முக்கால்.

அன்று இரவே அரசாங்கத்தின் இணையப் புகார் முறையான சிஸ்பாவில் புகாரைப் பதிவு செய்தேன். ஆத்திரத்தில் ஒன்றரைப் பக்கம். மூன்றாம் வாரம் ஓர் அதிகாரி தொலைபேசியில் அழைத்தார். மலாய்ப் பெண்மணி, பணிவான குரல். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி புவான், நாங்கள் என்ன செய்தால் உங்களுக்குத் திருப்தி?" என்றார். நான் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தி கையிலேயே நிற்கிறது, வாயில் வார்த்தை வரவில்லை. மன்னிப்பா? அந்த ஆள் யார் என்ற விவரமா? ஐந்து மணி நேரத்தை யார் திருப்பித் தர முடியும்? "பரவாயில்லை" என்று சொல்லி வைத்துவிட்டேன். புகார் முடிக்கப்பட்டது என்று மின்னஞ்சல் வந்தது. ஒரு வருடம் ஆகிறது. நீங்களாக இருந்தால் என்ன கேட்டிருப்பீர்கள்?

செந்தூல் 51

அக்கா, உங்களிடம் ஒரு வார்த்தை கேட்டாவது இருக்கிறார்கள்.

இரவு இரண்டு மணி. அப்பாவுக்கு நெஞ்சு வலி. செலவை யோசிக்காமல் பக்கத்துத் தனியார் மருத்துவமனைக்கே காரை விட்டேன். முகப்பில் முன்பணம் 5,000 வெள்ளி (ரிங்கிட்) கேட்டார்கள். அட்டையை வைத்தேன். பீப். இன்னோர் அட்டை. மறுபடியும் பீப். மூன்றடி தள்ளி, தள்ளுவண்டிப் படுக்கையில் அப்பா சட்டைப் பொத்தானைக் கழற்றியபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மைத்துனர் செலாயாங்கிலிருந்து வந்து பணம் கட்டும்வரை இசிஜிகூட எடுக்கவில்லை.

அப்பா பிழைத்துவிட்டார். இப்போது காலையில் தித்திவங்சா ஏரியைச் சுற்றி நடக்கிறார், என்னைவிட வேகமாக. ஆனால் பெட்ரோல் நிலையத்தில் அந்த பீப் சத்தம் கேட்டால் இன்றும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. பொதுப் புகார் பிரிவுக்கு எழுதினேன். தனியார் மருத்துவமனை எங்கள் வரம்பில் இல்லை என்று இரண்டு வரிப் பதில். இந்தப் புகார்ப் பிரிவுகள் எல்லாம் வெறும் கண்துடைப்பு.

பட்டர்வொர்த் பழைய குமாஸ்தா

செந்தூல் தம்பி, கண்துடைப்பு என்று சொல்லும் முன் எந்தக் கதவைத் தட்டினோம் என்று பார்க்க வேண்டும். தபால் நிலையத்தில் போய் மீன் கேட்டால் கிடைக்குமா?

பொதுப் புகார் பிரிவு 1971இல் பிரதமர் துறையின் கீழ் தொடங்கியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு நியூசிலாந்தின் குறைகேள் அதிகாரி (ஆம்புட்ஸ்மன்) சர் கை பவல்ஸ் இங்கே வந்து ஆலோசனை கூறினார். அவர்கள் நாட்டில் 1962இலேயே அந்தப் பதவி உண்டு. சுவீடனில் 1809இலேயே. அங்கெல்லாம் அவர் நாடாளுமன்றத்தின் ஆள், அமைச்சருக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். நாம் எடுத்துக்கொண்டது பாதி. நம் பிரிவு நிர்வாகத்துக்குள்ளேயே இருந்துகொண்டு நிர்வாகத்தை விசாரிக்கிறது. அரசாங்க அலுவலகங்களைத்தான் கேட்க முடியும், பரிந்துரைதான் செய்ய முடியும். தனிச் சட்டத்தோடு கூடிய குறைகேள் அமைப்பு வேண்டும் என்று பல ஆண்டுகளாகப் பேசி வந்தார்கள். அது வேறு கதை.

உங்கள் விஷயம் தனியார். அதற்கு 1998ஆம் ஆண்டின் தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள், சேவைகள் சட்டம் இருக்கிறது. சட்ட எண் 586. அவசர சிகிச்சை அந்தச் சட்டம் தனியார் மருத்துவமனைமேல் சுமத்தும் கடமை. உயிருக்கு ஆபத்தோடு வருகிறவரை முதலில் நிலைப்படுத்த வேண்டும், பணப் பேச்சு பிறகு. புகாரைக் கேட்க ஓர் ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உண்டு. ஆகவே முதலில் மருத்துவமனைக்கு எழுத்தில் கொடுங்கள். பதில் சரியில்லை என்றால் சுகாதார அமைச்சில் தனியார் மருத்துவ நடைமுறைக் கட்டுப்பாட்டுப் பிரிவு. மருத்துவரின் நடத்தை என்றால் மலேசிய மருத்துவ மன்றம். பல்கலைக்கழக மருத்துவமனை என்றால் அது உயர்கல்வி அமைச்சின் கீழ் வருகிறது, அதைச் சுகாதார அமைச்சுக்கு எழுதிவிட்டுக் காத்திருப்பவர்கள் ஏராளம். கட்டணச் சீட்டில் மருத்துவர் கட்டணத்துக்கு அதே சட்டத்தின் கீழ் வந்த 2006ஆம் ஆண்டு விதிமுறைகளின் 13ஆம் அட்டவணையில் உச்சவரம்பு உண்டு. கையுறை, பஞ்சு, அறை வாடகைக்கு அது பொருந்தாது. சீட்டு வீங்குவது அங்கேதான். விவரமான சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

ஜெலுத்தோங் மகளே, ஒன்றரைப் பக்கம் எழுதாதீர்கள். நாள், நேரம், எண், என்ன நடந்தது, என்ன வேண்டும். ஐந்து வரி போதும். கடைசி வரியை எழுதாமல் விட்டதால்தான் அந்த அம்மையார் உங்களிடமே கேட்டார்.

என் அனுபவம் சின்னது. 2009இல் என் மனைவியின் எக்ஸ்ரே படம் காணாமல் போனது. புகார் கொடுத்த நான்காம் நாள் கிடைத்தது, வேறொருவருடைய உறைக்குள். அந்த வேறொருவர் யாருடைய படத்தைப் பார்த்து மருந்து வாங்கினாரோ, இன்றுவரை யோசிக்கிறேன்.

இரவுப் பணி

நான் தாதி. 19 வருடம். புகாரின் மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன், திட்டுவதானால் திட்டுங்கள்.

ஜெலுத்தோங் அக்கா, அந்த பாத்தேக் சட்டைக்காரர் ரத்தச் சுத்திகரிப்பு முடிந்து வந்தவராக இருக்கலாம், மருத்துவரே வரச் சொன்னவராக இருக்கலாம். எண் பலகையில் அதெல்லாம் தெரியாது. தெரியப்படுத்தாதது எங்கள் தவறு, ஒப்புக்கொள்கிறேன். வேண்டியவர் என்று விடுவதும் உண்டு, அதையும் மறைக்கவில்லை.

என்மேல் ஒரு புகார் வந்தது. விளக்கக் கடிதம் கேட்டார்கள். என் பெயரை எழுத்துப் பிழையோடு எழுதியிருந்தார்கள். முதலில் அதில்தான் கோபம் வந்தது. பிறகு படித்தேன். ஒரு பாட்டி, ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர், அறுவை சிகிச்சைக்குச் சம்மதப் படிவம் மலாயில் இருந்தது. "இதில் என்ன எழுதியிருக்கிறது தாயி?" என்று என்னிடம் தமிழில் கேட்டிருக்கிறார். மருத்துவர் பக்கத்தில் நின்றார், வார்டில் 30 கட்டில், நான் மலாயில் "தண்டாதாங்கான் டி சினி" (இங்கே கையெழுத்துப் போடுங்கள்) என்று விரலால் இடத்தைக் காட்டிவிட்டு நகர்ந்துவிட்டேன். பேரன் எழுதியிருந்தான்: தமிழ்த் தாதி இருந்தும் பாட்டிக்குத் தமிழில் ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

விளக்கக் கடிதத்தில் வேலைப்பளு என்று எழுதினேன். ஏற்றுக்கொண்டார்கள். எனக்கு நினைவிருப்பது பாட்டியின் பெருவிரல். கையெழுத்துப் போடத் தெரியாமல் மையில் வைத்துவிட்டு, துடைக்க இடம் தேடி, கடைசியில் தன் தலைமுடியில் துடைத்துக்கொண்டார்.

செந்தூல் 51

குமாஸ்தா ஐயா, சட்டம் தெரிந்தவர் நீங்கள், மறுக்கவில்லை. இரவு இரண்டு மணிக்கு முகப்பில் நிற்கிறவனுக்குச் சட்ட எண் 586 ஞாபகம் வருமா? மீன் கதை எல்லாம் வேண்டாம்.

பி.எம். தாமான்

சண்டை வேண்டாம். காப்புறுதி ஆட்களுக்கு ஒரு செய்தி.

2021இல் பித்தப்பை அறுவை சிகிச்சை, 18,400 வெள்ளி. மருத்துவ அட்டை வைத்திருந்தும் காப்புறுதி நிறுவனம் கைவிரித்தது. எனக்கு முன்பே இரத்த அழுத்தம் இருந்ததாம், நான் மறைத்தேனாம். பித்தப்பைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் விண்ணப்பப் படிவத்தின் மூன்றாம் கேள்வியைக் காட்டினார்கள். நிதிச் சேவைக் குறைகேள் அமைப்புக்குப் போனேன். புகார் செய்கிறவருக்குக் கட்டணம் இல்லை. நிறுவனத்தின் இறுதி முடிவு வந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். என் அண்டை வீட்டுக்காரர் எட்டாம் மாதம் போய் வெறுங்கையோடு திரும்பினார். 250,000 வெள்ளிவரை பார்ப்பார்கள். 2025 தொடக்கத்திலிருந்து நிதிச் சந்தைக் குறைகேள் சேவை என்று புதுப் பெயர்.

நிறுவனம் காட்டிய ஆதாரம், ஒன்பது வருடத்துக்கு முந்தைய கிளினிக் அட்டையின் நகல். அதில் மருத்துவர் கிறுக்கியிருந்தது 'எச்.டி.என்.?' என்று, இரத்த அழுத்தத்துக்கான ஆங்கிலச் சுருக்கம். வழக்கைப் பார்த்த அதிகாரி தொலைபேசியில் நிறுவனத்தாரிடம் நிதானமாகக் கேட்டார்: "இந்தக் கேள்விக்குறியை நீங்கள் எப்படி வாசிக்கிறீர்கள்?" அந்தப் பக்கம் சத்தமே இல்லை. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஐந்தாவது மாதம் சமரசம், 16,000 வெள்ளி. மீதி 2,400க்குச் சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை. ஏன் விட்டாய் என்று மனைவி இன்னும் கேட்கிறாள்.

ஜெலுத்தோங் மகள்

எல்லாருக்கும் நன்றி. தாதி அக்கா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பாட்டி தலைமுடியில் மையைத் துடைத்த இடத்தில் போதும் என்று கையைக் காட்டினார்.

குமாஸ்தா ஐயா, ஐந்து வரியில் எழுதிப் பார்த்தேன். நான்கு வரி வந்துவிட்டது. கடைசி வரியில் இன்னும் நிற்கிறேன். வியாழக்கிழமை மறுபடியும் கிளினிக். விடு விடு என்று சொன்ன அம்மாதான் ஒவ்வொரு முறையும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தவுடன், "அந்த பாத்தேக் சட்டைக்காரன் யாரென்று தெரிந்ததா?" என்று கேட்கிறார்.