வெனிஸுக்கு ரயிலில் இருவர்: இறங்குவது முதல் திரும்புவது வரை

வெனிஸுக்கு இரண்டு ரயில் நிலையங்கள். முதலில் வருவது வெனேசியா மெஸ்த்ரே. அது கரையில், நிலப்பகுதியில் இருக்கிறது. அங்கிருந்து காயல் மேல் கட்டிய பாலத்தில் பத்து நிமிடம் ஓடினால் வருவது வெனேசியா சாந்தா லூச்சியா. கால்வாய் நகரம் அங்கேதான். 'வெனேசியா' என்று காதில் விழுந்ததும் மெஸ்த்ரேயில் இறங்கிவிடுவது அடிக்கடி நடக்கிற தவறு. இறங்கிவிட்டால் பதற வேண்டாம், அடுத்த ரயில் சீக்கிரமே வரும். சாதாரண ரயிலில் ஒன்றரை யூரோ அளவில்தான் டிக்கெட். சில ரயில்கள் மெஸ்த்ரேயோடு நின்றுவிடுவதால், வாங்கும்போதே 'சாந்தா லூச்சியா' என்று இருக்கிறதா பாருங்கள்.

மிலானிலிருந்து வந்தால் ரயில் போகும் திசைக்கு இடது பக்க ஜன்னல் இருக்கைகளைப் பிடியுங்கள். தெசென்சானோவுக்கும் பெஸ்கியேராவுக்கும் நடுவே கார்தா ஏரி அந்தப் பக்கம்தான் தெரியும். கடைசியில் காயல் பாலத்திலும் இடது பக்கமே திறந்த நீர். வலது பக்கம் 1933இல் சேர்த்த சாலைப் பாலம் மறைக்கும். ரயில் பாலம் அதற்கும் முந்தியது, 1846இல் திறந்தது.

டிக்கெட் விஷயத்தில் அபராதம் விழுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். ரெஜியோனாலே எனப்படும் சாதாரண ரயிலின் காகித டிக்கெட்டில் ரயில் நேரம் குறித்திருக்காது, ஏறும் முன் நீங்களே அதில் முத்திரை போட வேண்டும். பிளாட்பாரத்துக்குப் போகும் வழியில் சுவரிலோ தூணிலோ சின்னப் பெட்டி ஒன்று இருக்கும். அதன் வாயில் டிக்கெட்டின் முனையைச் செருகி இடது ஓரமாகத் தள்ளினால் 'டக்' என்று அச்சு விழும். எடுத்துப் பார்த்து, எண்கள் தெளிவாக விழுந்திருக்கின்றனவா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மை இல்லாமல் வெறும் பள்ளம் மட்டும் விழுந்தால் வேறு பெட்டியில் போடுங்கள். எதுவும் வேலை செய்யாவிட்டால் பேனாவால் தேதி, நேரம், நிலையம் எழுதிக்கொண்டு, ரயிலில் ஏறியதும் பரிசோதகரை நீங்களே தேடிப் போய்ச் சொல்லுங்கள். அவர் உங்களைத் தேடி வரும்வரை காத்திருந்தால் அபராதம்தான். கைபேசி டிக்கெட் என்றால் ஏறும் முன் 'செக்-இன்' அழுத்த வேண்டும். இருக்கை எண்ணோடு வரும் ஃப்ரெச்சாரோஸ்ஸா போன்ற விரைவு ரயில்களுக்கு இந்த வேலை கிடையாது.

பல ஐரோப்பிய நாடுகளின் ரயில்களுக்குச் செல்லும் யூரெயில் பாஸ் வைத்திருப்பவர்களுக்கு ரெஜியோனாலேயில் முன்பதிவு தேவையில்லை. ஃப்ரெச்சாரோஸ்ஸாவில் இருக்கைக்குத் தனிக் கட்டணம் உண்டு, பாஸ் இருந்தாலும். ரெஜியோனாலே கட்டணம் கடைசி நிமிடம் வரை ஒன்றுதான். விரைவு ரயிலின் விலைதான் நாள் நெருங்க நெருங்க ஏறும்.

*

ரயிலைப் பற்றி மேலே விவரமாக வந்துவிட்டது. இனி சாமான் பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் வெனிஸில் இடுப்பு ஒடிவது அதனால்தான்.

நகரம் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு தீவுகள். பாலங்கள் 400க்கும் மேல். பெரும்பாலான பாலங்களில் ஏறும்போதும் படி, இறங்கும்போதும் படி. சக்கரம் வைத்த பெட்டியை ஒவ்வொரு பாலத்திலும் தூக்கித்தான் ஆக வேண்டும். ஆட்டோ, டாக்சி என்று கூப்பிட்டால் வருவது மோட்டார் படகு. அதற்கான கூலி கையைச் சுடும். அதனால் அறை பார்க்கும்போது 'நிலையத்திலிருந்து எத்தனை மீட்டர்' என்று பார்க்காதீர்கள், 'எத்தனை பாலம்' என்று வரைபடத்தில் எண்ணுங்கள். நிலையத்தை விட்டு வெளியே வந்து இடப்பக்கம் திரும்பினால் லிஸ்தா தி ஸ்பாஞ்ஞா தெரு. சான் ஜெரேமியா சதுக்கம் வரை ஒரு பாலமும் இல்லை. ஒரே இரவு தங்குபவர்களுக்கு அதைவிட வசதி கிடையாது.

வலப்பக்கம் போனால் வரும் கண்ணாடிப் பாலம் 2008இல் திறந்தது, கட்டடக் கலைஞர் கலத்ராவா வடிவமைத்தது. மழையில் அதன் கண்ணாடிப் படிகள் வழுக்கும்; பலர் விழுந்த பிறகு சில இடங்களில் கண்ணாடியை எடுத்துக் கல் பதித்தார்கள். கையில் பெட்டியோடு ஈரமான நேரத்தில் அதில் ஏறும்போது நடுப்பகுதியில் நிதானமாகவே போங்கள்.

பகலில் மட்டும் சுற்றிவிட்டுக் கிளம்புபவர்கள் சாந்தா லூச்சியாவில் 1ஆம் பிளாட்பாரம் பக்கமுள்ள பெட்டி வைப்பகத்தில் போட்டுவிட்டுப் போகலாம். மணிக்கணக்கில் கட்டணம். பாஸ்போர்ட் கேட்பார்கள், அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வரிசையில் நிற்க வேண்டாம்.

முகவரியும் குழப்பும். வீட்டு எண் தெருவுக்குத் தெரு ஆரம்பிக்காது. நகரின் ஆறு பகுதிகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரே தொடர் எண். 'கன்னாரெஜோ 3000' என்றால் அந்தப் பகுதி முழுக்க எண்கள் வளைந்து நெளிந்து போகும். விடுதிக்காரரிடம் அருகிலுள்ள படகுத்துறையின் பெயரையும் சதுக்கத்தின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உயர்ந்த சுவர்களுக்கு நடுவே கைபேசியின் நீலப்புள்ளி பக்கத்துச் சந்துக்குத் தாவும், அந்தச் சந்து தண்ணீரில் போய் முடியும். அப்போது சுவரில் மஞ்சள் பலகை தேடுங்கள்: 'பெர் ரியால்தோ', 'பெர் சான் மார்கோ', 'அல்லா ஃபெரோவியா'. முதலாவது ரியால்தோ பாலத்துக்கு, அடுத்தது சான் மார்கோ சதுக்கத்துக்கு, கடைசியாகச் சொன்னது ரயில் நிலையத்துக்கு வழி.

*

படகுக் கணக்கு. வபோரெத்தோ என்பது நீர்ப் பேருந்து. 75 நிமிட டிக்கெட் 9.50 யூரோ, 24 மணி நேரம் 25, 48 மணி நேரம் 35, 72 மணி நேரம் 45. ஒரே நாளில் மூன்று தடவை தனித்தனியாக ஏறினால் 28.50 ஆகிவிடும், ஆகவே மூன்றாவது பயணம் உறுதி என்றால் 24 மணி நேரப் பாஸே மேல்.

இந்த 24 மணி நேரம் நள்ளிரவில் முடிவதில்லை. முதல் தடவை இயந்திரத்தில் காட்டிய நிமிடத்திலிருந்து ஓடும். பிற்பகல் 2 மணிக்கு வந்து இறங்குகிற இருவருக்குப் பொருந்தும் வழி இது: அப்போதே பாஸைத் தொடங்கி 1ஆம் எண் படகில் பெரிய கால்வாய் முழுக்கப் போங்கள், நிலையத்திலிருந்து சான் மார்கோ வரை முக்கால் மணி நேரம். இரவு அதே வழியில் திரும்புங்கள், அரண்மனைகளின் விளக்கு வெளிச்சம் தண்ணீரில் விழும் நேரம் அது. மறுநாள் காலை 8 மணிக்குள் ஃபொந்தமெந்தே நோவே துறையில் 12ஆம் எண் பிடித்தால் புரானோ தீவுக்கு முக்கால் மணி நேரத்துக்குள். வண்ண வீடுகள் பார்த்துவிட்டு, முரானோ தீவில் இறங்கிக் கண்ணாடி உலையையும் பார்த்து, 2 மணிக்குள் திரும்பலாம். மாலையில் புரானோ துறையில் திரும்புகிறவர்கள் கூட்டம் நீளும். காலையிலேயே போகச் சொல்வது அதனால்தான். மூன்றாம் நாள் முழுக்க நடை. பாஸ் தேவையில்லை.

பாஸ் இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் துறையில் இயந்திரத்தில் காட்ட வேண்டும். அடுத்து, திசை. ரயில் நிலையத் துறையில் மிதக்கும் மேடைகள் பல. 2ஆம் எண் ஒரு பக்கம் ரியால்தோ வழியாகப் போகும், மறுபக்கம் ஜுதெக்கா தீவு வழியாகச் சுற்றும். இரண்டுமே சான் மார்கோ பக்கம் போய்ச் சேரும் என்பதால் குழப்பம். பெரிய கால்வாய் பார்க்க வேண்டுமானால் பலகையில் 'ரியால்தோ' என்று இருக்கும் மேடையில் நில்லுங்கள்.

கொந்தோலா எனும் துடுப்புப் படகு, அரசு நிர்ணயித்த விலையில் பகலில் 30 நிமிடம் 90 யூரோ, இரவு 7 மணிக்குப் பிறகு 35 நிமிடம் 110. ஆள் கணக்கு இல்லை, படகுக் கணக்கு. ஐந்து பேர் வரை ஏறலாம். இருவர் என்றால் தலைக்கு 45 வரும். ஏறும் முன் நிமிடத்தையும் வழியையும் பேசி முடியுங்கள்.

அவ்வளவு வேண்டாம் என்றால் த்ராகெத்தோ இருக்கிறது. பெரிய கால்வாயில் பாலங்கள் நான்குதான், நடுவே அக்கரை போக இருவர் துடுப்பு போடும் படகு. தலைக்கு 2 யூரோ, சில்லறையாக. சாந்தா சோஃபியா துறையில் ஏறினால் ரியால்தோ சந்தையில் இறங்கலாம். நிற்பதானால் கால்களை அகட்டி, முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தி நில்லுங்கள். பக்கத்தில் மோட்டார் படகு போகும்போது படகு ஆடும். பயமாக இருந்தால் ஓரத்தில் உட்காரலாம். அங்குள்ள மீன் சந்தை ஞாயிறும் திங்களும் இல்லை.

*

மேலே சொன்ன கணக்கில் ஒரு சேர்க்கை. 29 வயது வரை உள்ளவர்கள் 6 யூரோ கொடுத்து 'ரோலிங் வெனிஸ்' அட்டை வாங்கினால் 72 மணி நேரப் பாஸ் 27க்குக் கிடைக்கும். மொத்தம் 33. அப்போது 48 மணி நேரப் பாஸ் வாங்குவதில் அர்த்தமே இல்லை. இருவரில் ஒருவர் 30 தாண்டியவர் என்றால் அவருக்குப் பழைய கணக்குதான்.

நுழைவுக் கட்டணத்தையும் மறக்காதீர்கள். 2024 ஏப்ரல் 25இல் தொடங்கியது. ஏப்ரல் முதல் ஜூலை வரை குறித்த நாட்களில், காலை 8.30 முதல் மாலை 4 வரை, பகல் பயணிகளுக்கு. 2025இல் நான்கு நாள் முன்பே கட்டினால் 5 யூரோ, பிறகு 10. இரவு தங்குபவர்களுக்கு, மெஸ்த்ரேயில் தங்கினாலும், விலக்கு உண்டு. ஆனால் அது தானாக வராது. இணையத்தில் பதிந்து க்யூஆர் குறியீடு எடுத்து வைத்திருக்க வேண்டும்.

*

அக்டோபர் முதல் ஜனவரி வரை போகிறவர்களுக்கு: 'அக்வா ஆல்தா' எனப்படும் ஓத வெள்ளம். கடல்மட்ட அளவுகோலில் 1966 நவம்பர் 4இல் நீர் 194 செ.மீ. வரை ஏறியது, 2019 நவம்பர் 12இல் 187 செ.மீ. இப்போது காயலின் மூன்று வாய்களில் 'மோசே' தடுப்புகள், மொத்தம் 78 கதவுகள், 2020 அக்டோபரிலிருந்து எழும்புகின்றன. 'பிறகு ஏன் சான் மார்கோவில் தண்ணீர் நிற்கிறது' என்று கேட்பார்கள். தடுப்பை எழுப்புவது பொதுவாக 110 செ.மீ. வரும் என்று கணித்தால்தான். நகரிலேயே தாழ்வான இடமான சான் மார்கோ சதுக்கத்திலோ 80, 85 செ.மீ. ஆனதுமே வடிகால் துளைகள் வழியாக நீர் கசிந்து மேலே வரத் தொடங்கும். அலையாக அடித்து வருவதில்லை. கல் இடுக்குகளில் குமிழ் விட்டு, குட்டையாகி, குட்டைகள் ஒன்று சேரும். சில மணி நேரத்தில் தானே வடியும். அந்த நேரத்துக்கு மரப் பலகை நடைபாதை போடுவார்கள். அதில் வலப்பக்கமாக, நிற்காமல் நடக்க வேண்டும். நடுவில் நின்று படம் எடுத்தால் பின்னால் வருபவர்கள் எல்லாரும் நிற்க வேண்டியதாகிவிடும்.

*

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நின்றுகொண்டே சாப்பிடும் பாக்கரோ கடைகளில் சிக்கெத்தி எனும் சிறு தீனிகள் கண்ணாடிக்குள் அடுக்கியிருக்கும். வெள்ளை வெண்ணெய் போல ரொட்டி மேல் தடவியிருப்பது பக்கலா, கருவாட்டு மீனை மசித்தது. பாலாடைக் கட்டி வைத்துப் பொரித்த 'மொத்ஸரெல்லா இன் கர்ரோத்ஸா'வின் உள்ளே நெத்திலியோ பன்றிக்கறியோ இருப்பது இங்கே வழக்கம். 'சென்ஸா கார்னே, சென்ஸா பெஷே' என்று இரண்டையும் சொல்லிக் கேளுங்கள். 'கறி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் மீன் வரும். காபியைக் கல்லாப் பக்கம் நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் வேறு விலை. குழாய்த் தண்ணீர் சதுக்கங்களில் இலவசம், நல்ல தண்ணீர்.

*

திரும்பும் நாளுக்கு. சான் மார்கோவிலிருந்து நிலையத்துக்கு 1ஆம் எண் படகில் முக்கால் மணி, நடந்தால் வழி தெரிந்தவருக்கு 35 நிமிடம். பெட்டி இருந்தால் ரயிலுக்கு ஒன்றேகால் மணி நேரம் முன்பு கிளம்புங்கள். மாலையில் படகு நிரம்பி, ஏற்றாமல் போவதும் உண்டு. இத்தாலியில் 'ஷோப்பெரோ' அறிவித்தால், அதாவது வேலைநிறுத்தம், வேலை நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் குறிப்பிட்ட சாதாரண ரயில்கள் ஓடியே ஆக வேண்டும். வேலைநிறுத்தத் தேதி முன்கூட்டியே வெளியாகும் என்பதால், டிக்கெட் வாங்கும் முன் அதைப் பார்த்துவிட்டு அந்த நேரங்களுக்குள் வருகிற ரயிலாகப் பாருங்கள். ஸ்லோவேனியா, ஆஸ்திரியா பக்கம் போகிறவர்கள் பாஸ்போர்ட்டை மேல் பையில் வையுங்கள். எல்லையில் ரயிலுக்குள் போலீஸ் ஏறிக் கேட்பதுண்டு.