மாமனாரின் குடும்பப் பெயரைத் தேடிப் போனது: உங்களுக்கும் இப்படி நடந்ததா?

கிளாஸ்கோ மருமகள்
மாமா ஒண்டாரியோவிலிருந்து எங்களைப் பார்க்க வந்திருந்தார். வயது 78. குடும்பப் பெயர் ரைட். தாங்கள் இங்கிலாந்து வழி என்றே அவர் வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். பொழுது போகட்டும் என்று, ஸ்காட்லாந்தின் பழைய பிறப்பு, இறப்புப் பதிவுகளைத் தேடிப் பார்க்கிற எடின்பரோ பதிவு இல்லத்துக்கு அழைத்துப் போனேன். அங்கே அரசுப் பதிவு தொடங்கிய 1855-ஆம் வருஷத்துப் பதிவு என்றால் பிறந்த இடம், பெற்றோர் பெயர் என்று நிறைய விவரம் இருக்கும். மாமாவின் முன்னோர் ஒருவருடைய அந்த வருஷத்து இறப்புப் பதிவு கிடைத்தது. இறந்தவர் ரைட். பிறந்த இடம் ஸ்காட்லாந்தின் மேற்கு மலைப்பக்கமான ஆர்கைல். அவருடைய அப்பா பெயர் இருந்த கட்டத்தில் மக்கின்டயர்.

தகவல் சொன்ன மகன் கையெழுத்துப் போடவில்லை. ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில் 'அவர் அடையாளம்' என்று பதிவாளர் எழுதியிருந்தார். மாமா திரையில் அந்தக் குறியின் மேல் விரலை வைத்தார். வெகுநேரம் எடுக்கவே இல்லை. அப்புறம், "அப்படியானால் நான் யாரம்மா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. காபி குடிக்கலாம் வாருங்கள் என்றேன்.

ஊர் திரும்பிய குளிர்காலத்திலேயே போய்விட்டார். கல்லில் ரைட் என்றுதான் பொறித்திருக்கிறார்கள். எழுத்தறியாத பிள்ளை ஏதோ சொல்ல, பதிவாளர் இஷ்டத்துக்கு எழுதி ஒரு வம்சத்தின் பெயரையே மாற்றிவிட்டார் என்று நினைக்கும்போதெல்லாம் மனசு ஆறவில்லை.

மெல்போர்ன் சேகரன்
பதிவாளர் மேல் பழி போடாதீர்கள். பெயரை மாற்றிக்கொண்டவர்கள் பெரும்பாலும் தாங்களேதான் மாற்றிக்கொண்டார்கள், அதற்குக் காரணமும் இருந்தது. என் மனைவி வழியில் மெக்ரிகர். கிளென் ஃப்ரூயின் என்ற இடத்தில் இன்னொரு குலத்தோடு போட்ட சண்டைக்குப் பிறகு 1603-இல் அந்தப் பெயரையே தடை செய்தார்கள். மீறினால் மரண தண்டனை. 1661-இல் நீக்கி, 1693-இல் மறுபடி போட்டு, 1774-இல்தான் ஒழித்தார்கள். அதுவரை கேம்பல், டிரம்மண்ட், மர்ரி என்று அடுத்தவர் பெயரில் வாழ்ந்தார்கள். மெக்ரிகர்களில் பேர்போன ராப் ராயே அம்மா வழிப் பெயரான கேம்பலைத்தான் போட்டுக்கொண்டார்.

பெர்த்ஷயர் திருச்சபைப் பதிவேட்டில் எங்கள் ஆளைப் பார்த்தேன்: 'மெக்ரிகர் என்கிற டிரம்மண்ட்'. ஞானஸ்நானத்தில்கூட இரண்டு பெயர். கையில் குழந்தையோடு நின்ற அந்த அப்பா எந்தப் பெயரை உரக்கச் சொல்லியிருப்பார்? எனக்கு இன்றும் அதே கேள்விதான்.

பழைய ஏடு
என் கதை சின்னது. மருமகன் குடும்பப் பெயர் 'மேக்' என்று தொடங்கும், அப்படியே மூன்று மாதம் தேடினேன், ஒன்றுமில்லை. ஏட்டில் 'மேக்' என்பதைச் சுருக்கி, ஆங்கில 'எம்' எழுத்துக்கு மேலே ஒரு சின்னக் கோடு மட்டும் போட்டு எழுதியிருந்தார்கள். அவ்வளவுதான்.

ஆனால் தேடப் போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்துப் பதிவுகளில் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரை விடுவதில்லை, கல்லறைக் கல்லிலும் அப்படியே. அதனால் ஆண் வழி அறுந்தால் பாட்டியைப் பிடியுங்கள். மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாமவனுக்கு அம்மாவின் அப்பா பெயர், மூத்த மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர் என்பது பழைய வழக்கம். எல்லா வீட்டிலும் தவறாமல் நடந்ததில்லை, ஆனாலும் வழி காட்டும். அரசுப் பதிவு 1855 ஜனவரி 1-இல்தான் தொடங்கியது. அதற்கு முன்னால் திருச்சபை ஏடுகள்தான், அதிலும் பல ஊர்களில் வருஷக்கணக்கில் இடைவெளி. முக்கியமாக, ஸ்காட்லாந்து மலைப்பக்கத்துப் பழைய மொழியான கேலிக்கில் பெயருக்கு அர்த்தம் என்ன என்று முதலில் பாருங்கள்.

கிளாஸ்கோ மருமகளுக்கு ஒன்று. மக்கின்டயர் என்றால் கேலிக்கில் தச்சன் மகன். ரைட் என்றாலும் தச்சன்தான். மலைப்பக்கத்திலிருந்து வேலை தேடிக் கீழே இறங்கியவர்கள் இப்படித்தான் பெயரை மொழிபெயர்த்துக்கொண்டார்கள். பதிவாளரும் மாற்றவில்லை, யாரும் மறைக்கவும் இல்லை.

இனிஷியல் மட்டும்
ஸ்காட்லாந்துக்கு வடக்கே இருக்கிற ஷெட்லாண்ட் தீவுகள் பக்கம் யாரும் போகவில்லையா? அங்கே 19-ஆம் நூற்றாண்டு வரைக்கும் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர்தான் இரண்டாவது பெயர். மேக்னஸின் பையன் மேக்னசன், பெண் மேக்னஸ்டாட்டர். அவர்கள் பிள்ளைகளுக்கு வேறு. நம் இனிஷியல் மாதிரியேதான். கடப்பிதழ் வரிசையில் என் அப்பா பெயர் எனக்குக் குடும்பப் பெயராகிவிட்டது. என் மகளுக்கும் அதே பெயர் தொடர்கிறது, அவளுக்கு அது தாத்தா பெயர். ஷெட்லாண்ட் ஏட்டில் ஒரு தலைமுறையில் அந்த மாற்றம் நின்றுபோகிற பக்கத்தைப் பார்த்தபோது அப்பா ஞாபகம் வந்து எழுந்து வெளியே போய்விட்டேன்.

கிளாஸ்கோ மருமகள்
பழைய ஏடு ஐயா, நீங்கள் எழுதியதை இவரிடம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அந்த 1855 நகல் எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்டார். இப்போது மேசையில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.